விட்ட உயரத்துக்குப் பந்து ஏன் திரும்புவதில்லை? மோதலில் ஆற்றல் போகும் வழிகள்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: மோதலில் உந்தம் மாறுவதில்லை என்றும், ஆற்றல் அழிவதில்லை என்றும் பாடத்தில் படிக்கிறோம், அப்படியானால் 1 மீட்டர் உயரத்திலிருந்து விட்ட பந்து ஏன் மறுபடி 1 மீட்டருக்கு வருவதில்லை? குறைந்துபோன ஆற்றல் எங்கே போயிற்று? ரப்பர் பந்து துள்ளுகிறது, களிமண் உருண்டை தரையிலேயே அமர்ந்துவிடுகிறது; இந்த வேறுபாடு பொருளுக்குள் எங்கே இருக்கிறது?

முதலில் உந்தத்துக்கும் ஆற்றலுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாடப்புத்தகங்கள் இரண்டு விதிகளையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. உந்தம் என்பது நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது; அதற்குத் திசை உண்டு. ஒரு பொருளுக்குள் இருக்கும் கோடானுகோடி அணுக்கள் தாறுமாறாக அதிரும்போது, வலப்பக்கம் போவதும் இடப்பக்கம் போவதும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், அந்த அதிர்வுகளின் மொத்த உந்தம் சுழியாகவே இருக்கும். ஆகவே உந்தத்தை அணுக்களின் அசைவுக்குள் ஒளித்துவைக்க இடமில்லை. ஆற்றலுக்குத் திசை இல்லை. எந்தப் பக்கம் அதிர்ந்தாலும் அந்த அதிர்வின் ஆற்றல் கூடிக்கொண்டேதான் போகும், எதுவும் எதையும் ஈடுகட்டாது. எனவே பந்தின் ஒழுங்கான ஓட்டத்தில் இருந்த ஆற்றல், கண்ணுக்குத் தெரியாத ஒழுங்கற்ற அசைவாக மாறி அங்கேயே தங்கிவிட முடியும். மோதலில் ஆற்றல் இழக்கப்படுகிறது என்று நாம் சொல்வதெல்லாம் இந்த மாற்றத்தைத்தான்.

இனி மோதும் கணத்துக்குள் நுழைந்து பார்ப்போம். 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு கண்ணாடிக் கோலிகள், ஒன்றுக்கொன்று சார்பாக விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நெருங்கி வந்து நேருக்கு நேர் முட்டுவதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் நிறையும் ஏறத்தாழ 5 கிராம். ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1880ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில், தம் 23ஆம் வயதில், வில்லைகள் ஒன்றையொன்று அழுத்தும்போது என்ன ஆகிறது என்று ஆராய்ந்து வகுத்த தொடுகைக் கோட்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால், கோலிகள் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு என்று வருகிறது. அந்த நேரத்துக்குள் இரண்டின் மையங்களும், முதன்முதலில் தொட்டபோது இருந்ததைவிட ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு அளவுக்கு நெருங்குகின்றன. தொடும் இடம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டமாகத் தட்டையாகிறது. அந்தச் சிறு வட்டத்தின் வழியே பாயும் உச்ச விசை ஏறத்தாழ 200 நியூட்டன். 5 கிராம் கோலி ஒன்றின் மீது 20 கிலோ அரிசி மூட்டையை ஏற்றிவைத்ததற்கு ஈடான விசை அது. கோலிகள் சுண்டி விளையாடிய எவருக்கும் இப்படி ஒன்று நடப்பதாகத் தோன்றியிருக்காது.

இந்த மிகக் குறுகிய நேரத்தின் முதற்பாதியில் இயக்க ஆற்றல் அழுத்தப்பட்ட கண்ணாடிக்குள் மீட்சி ஆற்றலாகப் போய்ச் சேர்கிறது. ஒரு கணம் இரண்டு கோலிகளும் ஒன்றுக்கொன்று சார்பாக அசைவின்றி நிற்கின்றன. பிற்பாதியில் அழுத்தம் விடுபட்டு அவற்றை வெளியே தள்ளுகிறது. துள்ளல் என்பது பொருளுக்குக் கொடுத்த கடனைத் திரும்பப் பெறுவது. தொடுகை முடிவதற்குள் எவ்வளவு திரும்பி வருகிறதோ அவ்வளவுதான் கணக்கில் சேரும். அதற்குப் பிறகு வந்து சேரும் ஆற்றல் பந்தைத் தள்ளுவதற்கு உதவாது, ஏனென்றால் பந்து ஏற்கெனவே கிளம்பிவிட்டது. கீழே சொல்லப்போகும் இழப்புகளையெல்லாம் இந்த ஒரு நிபந்தனையை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

அளவுகோலைப் பற்றி ஒரு சொல். ஐசக் நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்கிப்பியா என்ற நூலின் தொடக்கத்திலேயே, கயிற்றில் ஊசலாகத் தொங்கவிட்ட உருண்டைகளை மோதவிட்டுத் தாம் செய்த சோதனைகளை எழுதியிருக்கிறார். மோதிய பின் விலகும் சார்புத் திசைவேகத்தை, மோதும் முன் நெருங்கிய சார்புத் திசைவேகத்தால் வகுத்தால் வரும் எண்ணையே இன்று மீட்சியளிப்புக் குணகம் என்கிறோம். இறுக்கிச் சுற்றிய கம்பளி உருண்டைகளுக்கு 9க்கு 5 என்றும், கண்ணாடிக்கு 16க்கு 15 என்றும், எஃகுக்குக் கம்பளியின் அளவே ஏறத்தாழ வந்தது என்றும் அவர் குறித்தார். கீழே விடும் பந்தைப் பொறுத்தவரை, துள்ளிய உயரத்தை விட்ட உயரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் இந்தக் குணகம் கிடைக்கும். விளையாட்டு அமைப்புகள் பந்துகளைச் சோதிப்பதும் இப்படித்தான்: டென்னிஸ் பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் வழக்கமான வகைப் பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழ வேண்டும்; மேசைப்பந்தை 30.5 சென்டிமீட்டரிலிருந்து எஃகுக் கட்டியின் மீது விட்டால் 24 முதல் 26 சென்டிமீட்டர் வரை எழ வேண்டும். முதலாவதன் குணகம் 0.73 முதல் 0.76 வரை, இரண்டாவதன் குணகம் ஏறத்தாழ 0.9. குணகம் 0.75 என்றால் முக்கால் பங்கு ஆற்றல் மிஞ்சுகிறது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். மிஞ்சுவது அதன் வர்க்கம், அதாவது 56 விழுக்காடு மட்டுமே.

மேசைப்பந்துச் சோதனையில் எஃகுக் கட்டி என்று தனியாகக் குறிப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள். அதே பந்தை மெத்தையின் மீது விட்டால் குணகம் வேறாகிவிடும். இந்த எண் பந்துக்கு மட்டும் உரியதன்று. பந்து, அது மோதும் பரப்பு, மோதும் வேகம், வெப்பநிலை ஆகிய எல்லாம் சேர்ந்த அந்தச் சந்திப்புக்கு உரியது. பொருள்களின் பெயரையும் குணகத்தையும் வரிசையாகப் போட்ட அட்டவணைகளை நான் சற்று ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

இழக்கப்படும் ஆற்றலுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதை அடுத்துச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த் 1644இல் மோதலுக்கு ஏழு விதிகளை எழுதினார்; அவற்றில் பெரும்பாலானவை தவறு. சிறிய பொருள், அசையாமல் நிற்கும் பெரிய பொருளை எவ்வளவு வேகமாக மோதினாலும் அதை அசைக்க முடியாது என்பது அவற்றில் ஒன்று. 1668இல் லண்டன் ராயல் சொசைட்டி இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டபோது ஜான் வாலிஸ், கிறிஸ்டோபர் ரென், கிறிஸ்டியான் ஹைகன்ஸ் மூவரும் விடை அனுப்பினார்கள். ஹைகன்ஸின் வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர் ஹாலந்துக்காரர், கால்வாயில் சீராக நகரும் படகு ஒன்றைக் கற்பனை செய்கிறார். படகில் நிற்பவர் இரண்டு உருண்டைகளைச் சம வேகத்தில் மோதவிடுகிறார். கரையில் நிற்பவர் அதே மோதலைப் பார்க்கிறார். படகின் வேகமும் உருண்டையின் வேகமும் ஒன்றாக இருந்தால், கரையிலிருப்பவர் கண்ணுக்கு ஓர் உருண்டை அசையாமல் நின்றிருக்க, மற்றொன்று இரட்டை வேகத்தில் வந்து மோதியதாகத் தெரியும். மோதல் ஒன்றேதான், பார்வைகள்தாம் இரண்டு. ஆகவே மோதலில் பொருள்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அவை ஒன்றுக்கொன்று சார்பாக நெருங்கும் வேகம் மட்டுமே. கூட்டாக நகரும் நகர்வுக்கு அதில் பங்கில்லை.

இதிலிருந்து கிடைப்பது இது: இரண்டு பொருள்களின் நிறை மையம் நகர்வதில் உள்ள ஆற்றலை எந்த மோதலாலும் தொட முடியாது, சார்பு இயக்கத்தில் உள்ள ஆற்றலில்தான் இழப்பு நேரும். அந்தச் சார்பு ஆற்றலை, ஒன்றிலிருந்து குணகத்தின் வர்க்கத்தைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கினால் இழப்பு கிடைத்துவிடும்.

கேரம் பலகையை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம், குணகம் 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்றிருக்கும் காயை நேராக அடித்தால் காய் ஸ்ட்ரைக்கரின் வேகத்தைப்போல் 1.35 மடங்கு வேகத்தில் ஓடும். ஸ்ட்ரைக்கர் தன் பழைய வேகத்தில் 55 விழுக்காட்டோடு பின்னாலேயே போகும் (காயைத் தொடர்ந்து ஸ்ட்ரைக்கரும் குழிக்குள் விழுந்து அபராதம் கட்ட நேர்வதற்கு இதுவே காரணம்). ஆற்றலைக் கூட்டிப் பார்த்தால் இழப்பு 9 விழுக்காடு மட்டுமே. இரண்டும் பசைபோட்டதுபோல் ஒட்டிக்கொண்டு போனாலும் இழப்பு 25 விழுக்காட்டைத் தாண்டாது. சமமான நிறையுள்ள இரண்டு கோலிகளில் ஒன்று நின்றிருந்தால் அந்த வரம்பு 50 விழுக்காடு. தரையில் விழும் பந்துக்கு எதிரே பூமியே நிற்பதால் நிறை மையம் ஏறத்தாழ அசைவதே இல்லை. ஆகவே ஆற்றல் முழுவதும் இழப்புக்கு உள்ளாகக் கூடியதாக இருக்கிறது. களிமண் உருண்டைக்கு நேர்வது அதுதான்.

சார்பு வேகம்தான் முக்கியம் என்பதைக் காட்ட வகுப்பில் ஒரு சிறு வேடிக்கை செய்வதுண்டு: கூடைப்பந்தின் தலையில் டென்னிஸ் பந்தை வைத்து இரண்டையும் ஒன்றாக விடுவது. கீழ்ப்பந்து தரையில் பட்டு மேலே திரும்பும்போது மேற்பந்து இன்னும் கீழே வந்துகொண்டிருப்பதால் சார்பு வேகம் இரட்டிப்பாகிறது. இழப்பே இல்லாவிட்டால், கீழ்ப்பந்து மிகக் கனமாக இருந்தால், மேற்பந்து மும்மடங்கு வேகத்தில், ஒன்பது மடங்கு உயரத்துக்குப் போகும். நடைமுறையில் அவ்வளவு போகாது. ஆனாலும் கூரையில் இடிக்கும். அந்தக் கூடுதல் ஆற்றல் கூடைப்பந்திடமிருந்து எடுத்தது. அது தரையிலேயே சோர்ந்துபோய் நிற்பதைப் பார்க்கலாம்.

இனி ஆற்றல் போகும் வழிகளுக்கு வருவோம். எளியது நிலையான உருமாற்றம். தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பின் மீது விழும் விசை, ஓர் எல்லையைத் தாண்டினால் உலோகத்தின் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறிவிடுகின்றன; பின்னர் அவை திரும்புவதில்லை. ஈயக் குண்டும் களிமண்ணும் உடனே நினைவுக்கு வரும், ஆனால் எஃகும் இதற்கு விலக்கில்லை. உருண்டை முதலில் தொடும் இடம் ஒரு புள்ளி என்பதால் தகைவு அங்கே பெருமளவில் குவிகிறது. நடுத்தரக் கடினமுள்ள எஃகில் விநாடிக்கு 10 அல்லது 15 சென்டிமீட்டர் வேகத்து மோதலே கண்ணுக்குத் தெரியாத வடுவைத் தொடங்கிவைத்துவிடும். வேகம் கூடக் கூட ஆற்றலின் பெரும்பங்கு அந்த வடுவை ஆழப்படுத்துவதற்கே செலவாவதால் குணகம் குறைந்துகொண்டே போகும்.

ரப்பரின் கதை வேறு. அதில் வடு விழுவதில்லை, உருவம் முழுமையாகத் திரும்புகிறது, ஆனாலும் ஆற்றல் குறைகிறது. ரப்பர் என்பது சிக்கலாகச் சுருண்டு கிடக்கும் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளின் கூட்டம். அழுத்தும்போது சங்கிலிகள் ஒன்றையொன்று உரசி இடம் மாறுகின்றன. விடும்போது பழைய இடத்துக்கு வர அவற்றுக்குச் சற்று நேரம் தேவைப்படுகிறது. அழுத்தும்போது தேவைப்பட்ட விசையைவிட விடுபடும்போது கிடைக்கும் விசை குறைவாக இருக்கும். காந்தவியலில் படித்த தயக்கம் என்ற சொல் இங்கேயும் பொருந்தும். இவ்வளவு பொருத்தமான தமிழ்ச்சொல் இயற்பியலில் குறைவு என்பது என் எண்ணம். சங்கிலிகள் தயங்குகின்றன, கடன் தவணைக்குள் திரும்புவதில்லை, மிச்சம் வெப்பமாகிறது. ஆய்வகங்களில் காட்டும் இரண்டு கறுப்புப் பந்துகள் இதற்கு நல்ல சான்று. நியோப்ரீனால் ஆன ஒன்று நன்கு துள்ளும்; நார்போர்னீன் வகைப் பலபடியால் ஆன மற்றொன்று தரையில் விழுந்த இடத்திலேயே கிடக்கும். விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும், ஏனென்றால் விரல் அழுத்தும் வேகத்துக்கு இரண்டின் சங்கிலிகளாலும் ஈடுகொடுக்க முடியும். மில்லிவிநாடிக் கணக்கில் நடக்கும் மோதலுக்கு இரண்டாவதால் முடியாது.

வெப்பநிலையின் பங்கும் இங்கேதான் வருகிறது. சூடான ரப்பரில் சங்கிலிகள் விரைவாக நகர்வதால் தயக்கம் குறையும். ஸ்குவாஷ் ஆடுபவர்கள் ஆட்டத்துக்கு முன் பந்தைச் சுவரில் அடித்து அடித்துச் சூடேற்றுவது இதற்காகவே. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்றால், முந்தைய மோதல்களில் இழந்த ஆற்றலிலிருந்துதான். விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் சுவரில் படும் பந்தின் இயக்க ஆற்றல் கிலோவுக்கு 800 ஜூல்; அதில் பெரும்பகுதி ரப்பருக்குள்ளேயே தங்கினால் ஒவ்வோர் அடிக்கும் ஏறத்தாழ 0.3 டிகிரி ஏறும். 1 மீட்டரிலிருந்து கையால் விட்ட டென்னிஸ் பந்தில் இதே கணக்கைப் போட்டால் ஏறுவது ஒரு டிகிரியின் ஆயிரத்தில் இரண்டு பங்குதான். அதனால்தான் பந்து சூடாவதை நாம் உணர்வதில்லை. மறுதிசையில், ரப்பர் பந்தைக் குளிரவைத்துக்கொண்டே போனால் துள்ளல் குறைந்து ஒரு கட்டத்தில் ஏறக்குறைய செத்துவிடும். மேலும் குளிர்ந்தால் சங்கிலிகள் அசையவே முடியாமல் உறைந்து, பந்து கண்ணாடிபோல் கடினமாகி மறுபடியும் துள்ளத் தொடங்கும். மாணவர்கள் இதை எதிர்பார்ப்பதே இல்லை. அசைய முடியாத சங்கிலிக்கு உரசவும் முடியாது.

எஃகு, ரப்பர் இரண்டில் மீட்சித்தன்மை மிக்கது எது என்று பள்ளித் தேர்வுகளில் கேட்டு, எஃகு என்ற விடையை மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். அந்த விடை விறைப்பைப் பற்றியது, துள்ளலைப் பற்றியதன்று. அதே அளவு உருமாற்றத்துக்கு எஃகு மிக அதிகமான எதிர்விசை தரும் என்பதே அதன் பொருள். துள்ளலைத் தீர்மானிப்பது போட்டதில் எவ்வளவு திரும்புகிறது என்பதுதான். அதை விறைப்பிலிருந்து கண்டுகொள்ள முடியாது.

மூன்றாவது வழி அலைகள். கோலி மோதியதும் அழுத்த அலை ஒன்று கண்ணாடிக்குள் கிளம்புகிறது. 16 மில்லிமீட்டரை அது மூன்று மைக்ரோவிநாடியில் கடந்துவிடும். தொடுகையோ 50 மைக்ரோவிநாடி நீடிக்கிறது. எனவே அலை பலமுறை போய்த் திரும்புவதற்கு நேரம் இருக்கிறது, ஆற்றல் தவணைக்குள் வந்துவிடுகிறது. அதே கோலியை ஒரு மெல்லிய அகலமான கண்ணாடித் தகட்டின் மீது விட்டால், தகடு வளைந்து அந்த வளைவு அலையாக நாற்புறமும் ஓடிவிடுகிறது. விளிம்பில் பட்டுத் திரும்புவதற்குள் கோலி கிளம்பிவிடும். கண்ணாடியின்மேல் கண்ணாடிதான், ஆனாலும் துள்ளல் குறைவு. கல்கத்தாவில் பணியாற்றிய சி. வி. ராமன் 1920இல் வெளியிட்ட கட்டுரையில், ஹெர்ட்ஸின் கோட்பாட்டைக் கையாண்டு, தகட்டின் தடிமனுக்கும் குணகத்துக்கும் உள்ள தொடர்பை இவ்வாறே விளக்கினார். கிரிக்கெட் மட்டையின் நடுப்பகுதியை விட்டு நுனியில் பந்து பட்டால் கை அதிர்வதும் இதனாலேயே: பந்து தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடி, மட்டை ஒருமுறை வளைந்து நிமிர்வதற்கு அதைவிடப் பல மடங்கு நேரமாகும், வளைவுக்குப் போன ஆற்றல் பந்துக்குத் திரும்பாமல் கைக்கு வந்து சேர்கிறது. காதில் கேட்கும் ஒலியை இழப்புக்குப் பெரிய காரணமாகச் சிலர் சொல்வார்கள். அது மிகமிகச் சிறிய பங்கு. நம் செவி நுட்பமானது என்பதால் பெரிதாகத் தோன்றுகிறது.

வேகத்தைப் பற்றிய செய்தியைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். குணகம் வேகத்தைச் சாராத மாறிலி என்பதே நியூட்டனின் சோதனைகளிலிருந்து வந்த முடிவு. நம் பாடங்களும் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. திருச்சிராப்பள்ளியில் பிறந்த அதே ராமன், 1918இல், நோபல் பரிசைப் பெற்றுத்தந்த ஒளிச்சிதறல் ஆய்வுக்குப் பத்தாண்டுகள் முன்பே, மிக மெதுவாக மோதும் உருண்டைகளை ஒளிப்படத்தில் பதிந்து அளந்தார். வேகம் குறையக் குறைய குணகம் ஒன்றை நெருங்குவதை அவர் கண்டார். மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் இது இயல்பே: மெதுவாக முட்டினால் தகைவு எல்லையைத் தாண்டாது, வடு விழாது. பனிக்கட்டி உருண்டைகளிலும் வேகம் கூடும்போது குணகம் குறைவதை 1980களில் அளந்திருக்கிறார்கள். சனிக்கோளின் வளையங்களை விளங்கிக்கொள்ள அந்த அளவு தேவைப்பட்டது. அங்கே பனித்துண்டுகள் விநாடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் ஓயாமல் உரசிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சிறிது சார்பு ஆற்றலை இழப்பதால்தான், பல்லாயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள வளையங்கள் பத்து மீட்டர் அளவிலான தடிமனுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இந்தப் போக்குக்கும் ஓர் எல்லை உண்டு: மைக்ரோமீட்டர் அளவுத் தூசுகளில் பரப்புகளின் ஒட்டுவிசை ஓங்கிவிடுவதால், மெதுவாக மோதினால் அவை துள்ளாமல் ஒட்டிக்கொள்கின்றன.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். உறுதியாகப் பதித்த கிரானைட் தரையில் ஒரு கோலியை அரை மீட்டர் உயரத்திலிருந்து விட்டு, கைப்பேசியின் ஒலிப்பதிவியில் அது தட்டும் ஓசைகளைப் பதிவுசெய்யுங்கள். இரண்டு தட்டுகளுக்கு இடையே உள்ள நேரம், கோலி கிளம்பிய வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே ஓர் இடைவெளியை அதற்கு முந்தைய இடைவெளியால் வகுத்தால் குணகம் நேரடியாகக் கிடைத்துவிடும், உயரத்தை அளக்க வேண்டியதே இல்லை. 0.60 விநாடிக்குப் பின் 0.54 விநாடி என்றால் குணகம் 0.9. பிறகு அதே கோலியை, கொத்தனார் தட்டிப் பார்த்து அடியில் பொள்ளலாக இருக்கிறது என்று சொல்லும் டைல்ஸின் மீது விட்டுப் பாருங்கள். எண் சட்டென்று இறங்கும், ஏனென்றால் அங்கே தகடு வளைகிறது. முதல் பதிவை இறுதிவரை பொறுமையாக அளந்தால், தட்டுகள் நெருங்கி நெருங்கி வரும் கடைசிப் பகுதியில் அந்த விகிதம் தொடக்கத்தில் இருந்ததைவிடச் சற்று உயர்ந்திருப்பதை நீங்கள் பெரும்பாலும் காண்பீர்கள். ராமன் ஒளிப்படத் தகட்டில் கண்டதும் அதைத்தான்.